கடைசி ஆறு இடங்கள்: டெட்ராய்ட் லயன்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பொது மேலாளர், தலைமைப் பயிற்சியாளர், தற்காப்பு ஒருங்கிணைப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

ட்ராய், நோவை, கேன்டன், ஃபார்மிங்டன் ஹில்ஸ் பக்கம் கார் தொழிலுக்காக வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில், அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான லயன்ஸின் ஆட்டத்தைத் தவறவிடாத வீடுகள் உண்டு. அந்த வீடுகளின் சார்பில் இதை எழுதுகிறோம். சொல்ல வந்தது ஒன்றுதான். ஆகஸ்டு கடைசியில் முகாமில் உள்ள 90 பேரைப் பருவத்துக்கான 53 பேராகக் குறைக்கும்போது, தற்காப்பின் கடைசி ஆறு இடங்களைத் திறமை வரிசை பார்த்து நிரப்பாதீர்கள். யார் விழுந்தால் எந்த வேலைக்கு ஆள் இல்லாமல் போகும் என்று பார்த்து நிரப்புங்கள்.

2024 பருவம் இன்னும் எல்லார் நெஞ்சிலும் இருக்கிறது. 15 வெற்றி, 2 தோல்வி. ஆனால் தற்காப்பு மூன்றாவது வாரத்திலேயே கரையத் தொடங்கிவிட்டது. அரிசோனாவில் ஒரே ஆட்டத்தில் மார்கஸ் டேவன்போர்ட்டும் டெரிக் பார்ன்ஸும் போனார்கள். அக்டோபர் 13 அன்று டல்லாஸில் எய்டன் ஹட்சின்சனின் கால் எலும்பு முறிந்தது. ஐந்து ஆட்டங்களில் 7.5 சாக் (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்தவர் அவர். நவம்பரில் அலெக்ஸ் அன்சலோனின் முன்கை உடைந்தது. நன்றி நவிலல் நாளன்று மால்கம் ரோட்ரிகஸின் முழங்கால் போனது. டிசம்பர் 15 அன்று பஃபலோவுடன் 48-42 என்று தோற்ற ஆட்டத்தில் அலிம் மெக்நீலின் முழங்கால், கார்ல்டன் டேவிஸின் தாடை, கலீல் டோர்சியின் கால் என மூன்று பேரை ஒரே மாலையில் இழந்தோம்.

2025 ஜனவரி 18, ஃபோர்டு ஃபீல்டு. வாஷிங்டனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் டிரைவ் (ஓர் அணியின் தொடர் தாக்குதல்). டேவிஸ் இல்லாததால் ஸ்லாட்டிலிருந்து (உள்பக்க ரிசீவரைக் காக்கும் இடம்) வெளிப்புறத்துக்கு நகர்த்தப்பட்டிருந்த அமிக் ராபர்ட்சன், கை உடைந்து வெளியே போகிறார். அந்த ஒரு நொடியில் இழந்தது ஒருவரை அல்ல. வெளிப்புற கார்னரும் (பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவரைக் காப்பவர்) போனார், தேவைப்பட்டால் ஸ்லாட்டுக்குத் திரும்பக்கூடியவரும் போனார். டேவிஸின் தாடைக்கு ஐந்து வாரம் கழித்து வந்த கடன் அது. பிறகு நான்காம் கால் பகுதியில், கோல் கோட்டுக்கு அருகே வாஷிங்டனின் நான்காம், கடைசி முயற்சியில், நம் பக்கம் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றதற்குத் தண்டனைக் கொடி விழுந்தது. புதிய முதல் முயற்சி, உடனே டச்டவுன். முடிவு 45-31.

அந்த ஆட்டத்தில் நம் தாக்குதல் அணி ஐந்து முறை பந்தைப் பறிகொடுத்தது. தோல்விக்கு முழுக் காரணம் தற்காப்பு என்று சொல்வது நியாயமாகாது. எலும்பு முறிவதை எந்த மேலாளராலும் தடுக்கவும் முடியாது. ஆனால் ஒருவர் விழும்போது இன்னும் எத்தனை இடம் குலைகிறது என்பது ஆகஸ்டிலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. அது உங்கள் கையில் இருக்கிறது.

கார் ஆலைகளில் ஒரு பாகத்தை வடிவமைக்கும்போதே ஒரு தாள் போடுவார்கள். இந்தப் பாகம் எப்படியெல்லாம் பழுதாகும், பழுதானால் அடுத்து எது பாதிக்கும், அதை யார் எப்போது கண்டுபிடிப்பார் என்று வரிசையாக எழுதுவார்கள். டெட்ராய்ட்டுக்கு இதை நாங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே தாளை 53 பேர் பட்டியலுக்கும் போடச் சொல்கிறோம்.

வழக்கமான டெப்த் சார்ட் இடங்களின் பெயரால் ஆனது. இடது எட்ஜ் (முன்வரிசையின் ஓரத்தில் நிற்பவர்), அவருக்குக் கீழே இரண்டாமவர், மூன்றாமவர். படிக்க எளிது, ஆனால் அது ஏமாற்றும். இரண்டு இடங்களுக்கும் ஒரே ஆளைத்தான் இரண்டாமவர் என்று எழுதி வைத்திருப்போம். அதனால் இடத்தை விட்டுவிட்டு வேலையை எழுத வேண்டும். ஓட்டத்தை வெளியே விடாமல் விளிம்பைக் கட்டுபவர். மூன்றாம் முயற்சியில் உள்ளிருந்து குவார்ட்டர்பேக்கை நெருக்குபவர். இரட்டைத் தடுப்பைத் தாங்கி நடுவில் நிற்கும் நோஸ். தற்காப்பு அழைப்பை வாங்கிச் சொல்பவர். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் வரும் டைட் எண்டோடு ஓடக்கூடிய, முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர். இரண்டு வெளிப்புற கார்னர்கள். ஸ்லாட் கார்னர். ஆழத்தில் தனியாக நிற்கக்கூடிய சேஃப்டி. முன்னால் இறங்கி ஓட்டத்தை நிறுத்தும் சேஃப்டி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு வேலைகள் வரும். ஒவ்வொன்றுக்கும் நேராக முதல் ஆள், அடுத்த ஆள். பிறகு ஒரு பெயரை அடியுங்கள். அடுத்தவர் அங்கே நகர்ந்ததும் அவர் விட்டுவந்த வேலைக்கு யார் என்று எழுதுங்கள். இரண்டாவது பெயரையும் அடியுங்கள். எங்கே தாள் வெறுமையாகிறதோ அங்கேதான் கடைசி ஆறு இடங்கள் போக வேண்டும்.

முன்வரிசையில் கணக்கு இப்படி நிற்கிறது. ஓர் ஆட்டத்தில் தற்காப்பு ஏறத்தாழ 60 முதல் 65 ஸ்னாப் (ஒவ்வொரு முறை பந்து ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்னாப்) ஆடுகிறது. நான்கு பேர் வரிசை என்றால் 62 ஸ்னாப்புக்கு 248 ஆள்-ஸ்னாப். எட்டுப் பேர் பகிர்ந்தால் தலைக்கு 31. யாரும் அப்படிச் சமமாகப் பகிர்வதில்லை, பகிரவும் கூடாது. நல்ல எட்ஜ் வீரர் 45 முதல் 48 வரை ஆடலாம். அவரையே 58, 60 என்று ஆடவிட்டால் நான்காம் கால் பகுதியில் முதல் அடி எடுத்து வைக்கும் வேகம் போய்விடும். இடுப்பு நிமிரும், தோள் உயரும், அவரைத் தடுப்பவருக்கு மார்பு கிடைக்கும். ஹட்சின்சன் காயத்துக்கு முன் ஏறக்குறைய எல்லா ஸ்னாப்பிலும் களத்தில் இருந்தார். அவ்வளவு நல்ல ஆட்டக்காரரை வெளியே உட்கார வைக்க யாருக்கும் மனம் வராது, புரிகிறது. ஆனால் அவர் போனதும் எட்ஜில் மிஞ்சியவர்களுக்கு முந்தைய ஐந்து ஆட்டங்களில் போதிய ஸ்னாப் கிடைத்திருக்கவில்லை. வெளியிலிருந்து ஆள் தேட வேண்டி வந்தது. ஸடேரியஸ் ஸ்மித் வந்தபோது நவம்பர் முதல் வாரம்.

இடைப்பட்ட காலத்தில் நெருக்கடியை எப்படி உண்டாக்கினோம்? கூடுதல் ஆட்களை பிளிட்ஸுக்கு, அதாவது குவார்ட்டர்பேக்கை நெருக்க, அனுப்பி. பிளிட்ஸுக்கு ஒருவர் போனால் பின்னால் ஒருவர் குறைவு. நம் அணி அந்த ஆண்டு மேன் கவரேஜை (ஆளுக்கு ஓர் ஆள் காப்பது) அதிகம் நம்பியது. ஆளுக்குப் பதில் பகுதியைக் காக்கும் ஸோனில் ஒரு கார்னர் சற்றுப் பலவீனமாக இருந்தால், பக்கத்தில் இருக்கும் சேஃப்டியைச் சாய்த்து மறைக்கலாம். மேனில் மறைக்க வழியில்லை. எதிரணி ஒருங்கிணைப்பாளர் இரண்டே டிரைவில் அந்த ஆளைக் கண்டுபிடித்துத் தன் சிறந்த ரிசீவரை அங்கே நிறுத்துவார். ஆக, எட்ஜில் ஏற்பட்ட பள்ளத்தை நிரப்பப் போய் கார்னர்கள் மேல் சுமை ஏறியது. சுமை ஏறிய கார்னர்கள் டிசம்பரில் ஒவ்வொருவராக விழுந்தார்கள். காயத்துக்கும் களைப்புக்கும் நேர்க்கோடு போட்டுக் காட்ட முடியாது. ஆனால் முன்வரிசையின் ஆழமும் பின்வரிசையின் ஆழமும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.

அதே பருவத்தில் பிலடெல்ஃபியா இதற்கு எதிர்ப்பக்கத்தைக் காட்டியது. 2025 பிப்ரவரி 9, பருவத்தின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல், கான்சஸ் சிட்டியை 40-22 என்று வென்ற ஆட்டம். எதிரணி குவார்ட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை சாய்த்தார்கள். அதற்கு ஒரு பிளிட்ஸ்கூட அனுப்பவில்லை. நான்கு பேர் நெருக்க, ஏழு பேர் பின்னால் நின்றார்கள். அந்த ஆறு சாக்கும் ஒரே ஆளுடையதல்ல. ஜோஷ் ஸ்வெட், மில்டன் வில்லியம்ஸ், ஜோர்டன் டேவிஸ், புதுமுகம் ஜேலிக்ஸ் ஹன்ட் என்று பிரிந்து வந்தது. பிராண்டன் கிரஹாம் நவம்பரில் கைத்தசை கிழிந்து போனவர், சூப்பர் பவுலுக்குத்தான் திரும்பினார். அவர் இல்லாத வாரங்களிலும் சுழற்சி நிற்கவில்லை.

இன்னொன்று அதைவிடப் பெரிய பாடம். பிளேஆஃப் முதல் சுற்றில் அவர்களின் லைன்பேக்கர் நகோபி டீன் முழங்கால் தசைநார் கிழிந்து வெளியேறினார். அவர் இடத்துக்கு வந்தவர் ஓரன் பர்க்ஸ். அதே ஆட்டத்தின் தொடக்க கிக்ஆஃபில் பந்தைத் தட்டிவிட்டவரும் இந்த பர்க்ஸ்தான். ஸ்பெஷல் டீம்ஸுக்காக (உதை ஆட்டங்களுக்கான அணி) பட்டியலில் இடம் பெற்றவர், லைன்பேக்கராக சூப்பர் பவுல் வரை ஆடி முடித்தார். கடைசி இடத்தை எப்படி நிரப்ப வேண்டும் என்று கேட்டால் நாங்கள் காட்டுவது அவரைத்தான்.

கார்னர் விஷயத்துக்கு வருகிறோம். இங்கேதான் ஆகஸ்டில் அதிகத் தவறு நடக்கிறது. ஐந்து கார்னர் வைத்திருக்கிறோம், போதும் என்று தோன்றும். அந்த ஐவரில் வெளிப்புறம் மட்டும் ஆடுபவர் எத்தனை, ஸ்லாட் மட்டும் ஆடுபவர் எத்தனை என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வெளியே நிற்பவருக்குப் பக்கக்கோடு ஒரு துணை, ரிசீவர் ஒரு பக்கம்தான் போக முடியும். ஸ்லாட்டில் நிற்பவருக்கு இரண்டு பக்கமும் திறந்த வெளி. அதோடு ஓட்டத்தில் லைன்பேக்கர் போல இடைவெளியை அடைக்க வேண்டும், பிளிட்ஸும் போக வேண்டும். உயரமும் நீண்ட கையும் வெளியே பயன்படும். உள்ளே பயன்படுவது இடுப்பின் திருப்பமும் முதல் மூன்று அடி வேகமும். ஒரு வேலையில் தேர்ந்தவர் இன்னொன்றைத் தானாகச் செய்துவிடுவார் என்று நம்புவது ஆபத்து. இன்று பெரும்பாலான ஸ்னாப்பில் ஐந்து பின்வரிசை வீரர்கள் களத்தில் நிற்கிறார்கள். நிக்கல் எனப்படும் இந்த ஐவர் முறை சிறப்பு ஏற்பாடாக இருந்த காலம் போய்விட்டது. ஆகவே ஸ்லாட் கார்னர் பன்னிரண்டாவது ஆள் அல்ல, முதல் பதினொருவரில் ஒருவர். அவருக்கு முழுப் பயிற்சி பெற்ற மாற்று வேண்டும். அந்த மாற்று வெளிப்புறத்தின் முதல் மாற்றாகவும் இருக்கக் கூடாது. ஜனவரி 18 அன்று உடைந்தது இந்த விதிதான்.

மால்கம் பட்லரின் கதை எல்லாருக்கும் தெரியும். அதில் ஒரு பகுதியைப் பலர் கவனிப்பதில்லை. வெஸ்ட் அலபாமா கல்லூரியிலிருந்து, அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் சுற்றுகளில் எடுக்கப்படாமல் வந்தவர், ஒரு சோதனை முகாமில் நியூ இங்கிலாந்தில் ஒட்டிக்கொண்டவர். 2015 பிப்ரவரி 1 அன்று ஒரு யார்டு கோட்டில் சியாட்டில் நிற்க, மூன்று கார்னர்கள் கொண்ட கோல்லைன் ஏற்பாட்டுக்காக அவர் உள்ளே ஓடுகிறார். முன்னால் பிராண்டன் பிரௌனர் தன் ஆளை நகரவிடாமல் முட்டி நிறுத்துகிறார். பின்னாலிருந்து பட்லர் வெட்டிப் பாய்ந்து பந்தைப் பிடிக்கிறார். அந்த வாரப் பயிற்சியில் இதே ரூட்டில் (ரிசீவர் ஓடும் பாதை) தாமதமாக நகர்ந்து டச்டவுன் கொடுத்தவர் அவர். கடைசி நிலை கார்னருக்கு அந்தப் பயிற்சி ஸ்னாப் கிடைத்திருந்தது, தவறு செய்ய இடம் கிடைத்திருந்தது. அதனால்தான் ஆட்டத்தில் கால் தானாக நகர்ந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் ஆழம் வந்துவிடாது. அந்தப் பெயருக்கு எத்தனை பயிற்சி ஸ்னாப் என்பதுதான் கணக்கு.

தலைக்கவசத்தில் பச்சைப் புள்ளி உள்ளவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தற்காப்பில் ஒருவர் காதில்தான் பக்கக்கோட்டிலிருந்து குரல் வரும். அடுத்த ஸ்னாப்புக்கான பிளே கிளாக்கில் 15 விநாடி இருக்கும்போது அது அறுந்துவிடும். அவர் விழுந்தால் மாற்று ஆள் ஒலிபெருக்கி உள்ள தன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு வர வேண்டும். அதோடு யார் உள்ளே யார் வெளியே என்பதை 15 விநாடிக்குள் பத்துப் பேருக்குச் சொல்லி முடிக்க வேண்டும். 12 பேர் நின்ற கொடி போன்றவை இந்த இடத்தில் பிறப்பவை. மாற்று ஆட்கள் மிகுந்த அணியில், எந்த ஏற்பாட்டுக்கு யார் ஓடி வர வேண்டும், யார் வெளியேற வேண்டும் என்பது ஒவ்வொரு காயத்துக்குப் பிறகும் மாறுகிறது. அதனால் மூன்றாவது லைன்பேக்கர் வரைக்கும் பச்சைப் புள்ளி வேலை ஒரு முன்பருவ ஆட்டத்திலாவது தரப்பட வேண்டும். மூன்றாமவரால் அழைப்பு கொடுக்க முடியவில்லை என்றால், அந்தக் குறை ஆகஸ்டிலேயே தெரிந்துவிடும்.

ஸ்பெஷல் டீம்ஸ் பற்றிச் சுருக்கமாக. 2024-இல் வந்த புதிய கிக்ஆஃப் முறையில் ஓட்டத்துடன் மோதும் தூரம் போய்விட்டது. உதைக்கும் அணியின் பத்துப் பேர் எதிரணியின் 40 யார்டு கோட்டில் நிற்கிறார்கள், தடுப்பவர்கள் எதிரே சில யார்டு தூரத்தில். 2025-இல் டச்பேக் (திருப்பி ஓடாத உதைக்குப் பின் பந்து வைக்கப்படும் இடம்) 35 யார்டுக்குப் போனதால் உதைகள் அதிகம் திருப்பி ஓடப்படுகின்றன. அங்கே வெறும் வேகம் போதாது. கை நீட்டித் தடுப்பைக் கழற்றி நெருக்கத்தில் டேக்கிள் செய்யும் உடல் வேண்டும். நான்காவது சேஃப்டி, ஐந்தாவது லைன்பேக்கர் ஆகியோருக்கு அது இப்போது உண்மையான வேலை. இந்த இரண்டு இடங்களையும் வேகம் மட்டும் உள்ள ஆறாவது ரிசீவருக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

இனி ஆள்குறைப்பு வாரம். 2023 முதல் ஒரே கட்டமாக 90-லிருந்து 53 ஆகிவிட்டது. செவ்வாய் மாலை 4 மணிக்குள் 37 பேர். 32 அணிகளையும் சேர்த்தால் ஆயிரத்துக்கு மேல் வீரர்கள் ஒரே நேரத்தில் வெளியே வருகிறார்கள். நான்கு பருவம் நிறைவு செய்யாதவர்கள் வெய்வருக்குப் போவார்கள், மறுநாள் நண்பகல் வரை மற்ற அணிகள் கோரலாம். நான்கு பருவம் முடித்தவர்கள் அந்த நொடியே சுதந்திரமானவர்கள், வெய்வர் அவர்களைத் தொடாது. இந்த வேறுபாட்டை நம் பக்கம் திருப்பலாம். காயத்தால் சில வாரம் ஆட முடியாத ஒருவரை செவ்வாயன்று 53-இல் வைத்து, அனுபவமுள்ள ஒருவரைப் பேசி விடுவித்து, புதனன்று காயப்பட்டவரை இன்ஜர்டு ரிசர்வுக்கு (53-இல் சேராத காயமுற்றோர் பட்டியல்) நகர்த்தி, அனுபவசாலியைத் திரும்ப எடுக்கலாம். 2024 முதல் ஆள்குறைப்பு நாளிலேயே இரண்டு பேரைத் திரும்பும் உரிமையோடு ரிசர்வில் வைக்க முடியும். ஆனால் பருவம் முழுக்க உள்ள எட்டுத் திரும்பும் உரிமைகளில் அந்த இரண்டும் கழியும். யாராக இருந்தாலும் குறைந்தது நான்கு ஆட்டம் வெளியே இருக்க வேண்டும். தற்காப்பில் காயம் அதிகமாகும் அணிக்கு எட்டு என்பது டிசம்பரில் மிகக் குறைவாகத் தெரியும். ஆகஸ்டில் ஓர் ஐந்தாவது ரிசீவருக்காக ஒன்றைச் செலவழிக்க வேண்டாம்.

முதல் வார ஆட்டத்தில் 53-இல் இருக்கும் மூத்த வீரருக்கு அந்த ஆண்டுச் சம்பளம் பெரும்பாலும் உறுதியாகிவிடுகிறது. அதனால் பல அணிகள் மூத்த தற்காப்பு வீரர்களை இரண்டாவது வாரம் வரை தள்ளிப் போடுகின்றன. பணக் கணக்கில் அது சரி. ஆனால் எட்ஜிலும் உள்வரிசையிலும் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. மூன்றாவது வாரத்தில் டேவன்போர்ட்டும் பார்ன்ஸும் போனதை மறக்கக் கூடாது. தாமதமாக வருபவருக்கு உடல் தயாராவதற்கே இரண்டு மூன்று வாரம் வேண்டும்.

வெய்வரில் யாரைப் பறிகொடுப்போம் என்ற அச்சம்தான் பல தவறான முடிவுகளுக்குக் காரணம். நான்காம் சுற்றுக்குப் பிறகு தேர்வான ஓர் இளைஞரை, இன்னும் ஆடத் தயாராகாத நிலையில், பிறர் பறித்துவிடுவார்களே என்று 53-இல் வைக்கிறோம். பறிக்க வேண்டுமானால் அந்த அணி அவரைத் தன் 53-இல் வைக்க வேண்டும். அதே நாளில் அவர்களும் 37 பேரைக் கழிக்கத் திணறிக்கொண்டிருப்பார்கள். முகாமில் சத்தமில்லாமல் ஆடிய ஐந்தாவது உள்வரிசை வீரரைப் பறிப்பவர்கள் மிகக் குறைவு. மாறாக, முன்பருவ ஆட்டத்தில் பளிச்சென்று தெரிந்த கார்னரைப் பறிப்பார்கள். உடல் அளவும் கையின் நீளமும் உள்ள எட்ஜையும் பறிப்பார்கள். ஆகவே அச்சப்பட வேண்டிய இடம் வேறு, அச்சப்பட வேண்டாத இடம் வேறு. அதற்காக யாரையும் எளிதில் கைகழுவி விடலாம் என்று பொருளல்ல. ஜேம்ஸ் ஹாரிசனைப் பிட்ஸ்பர்க் ஒரு முறைக்கு மேல் விடுவித்தது. அவரே 2008-இல் லீகின் சிறந்த தற்காப்பு வீரரானார்.

53-க்கு வெளியே பயிற்சிக்கு வைக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் 16 இடம், வெளிநாட்டு வீரர் திட்டத்தில் வருபவருக்குக் கூடுதலாக ஓர் இடம். அதில் ஆறு இடங்களில் எத்தனை ஆண்டு அனுபவம் உள்ளவரையும் வைக்கலாம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரை ஆட்ட அணிக்கு மேலேற்றலாம், ஒருவரை வழக்கமான பருவத்தில் மூன்று முறைதான். வாரம் நான்கு பேரைப் பிற அணிகள் எடுக்காதபடி பாதுகாக்கலாம். இதெல்லாம் உங்களுக்குப் பாடம். கேட்க வந்தது வேறு. அந்த வீரர்கள் வாரம் முழுக்க என்ன செய்கிறார்கள்? எதிரணியின் தற்காப்பை நடித்துக் காட்டுகிறார்கள். அட்டையில் வரைந்த அடுத்த எதிரியின் அழைப்பை ஆடுகிறார்கள். ஞாயிறு அவர்களை மேலேற்றும்போது எதிரியின் தற்காப்பு அவர்களுக்கு மனப்பாடம், நம்முடையது அரைகுறை. வழக்கமான பருவத்தில் முழுக் கவசப் பயிற்சி மொத்தம் 14 தான் என்பதால் பிடித்துக் கற்றுக்கொள்ள வேறு வாய்ப்பும் இல்லை. ஒவ்வொரு வியாழனும் பத்து ஸ்னாப், நம் சொந்த அழைப்புகளை மட்டும், பிராக்டிஸ் ஸ்குவாட் தற்காப்பு வீரர்களுக்குத் தனியாக ஒதுக்குங்கள். ஒரு பருவத்தில் அது 170 ஸ்னாப். முதல் வரிசை வீரருக்கு அது மூன்று ஆட்டத்துக்குக்கூடக் காணாது. மேலேறி வருபவருக்கு அதுவே எல்லாம்.

முன்பருவ ஆட்டங்களை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதிலும் ஒரு வேண்டுகோள். இரண்டாம் பாதியில் எதிரணியின் மூன்றாம் நிலைத் தடுப்பாளரைத் தாண்டி எடுத்த சாக்குக்கு மதிப்பு குறைவு. அதே வீரர் முதல் கால் பகுதியில் இரட்டைத் தடுப்பில் பின்வாங்காமல் நின்ற ஒரு ஸ்னாப்புக்கு மதிப்பு அதிகம். அது புள்ளிவிவரத்தில் வராது. தொடர்ந்து ஆடிய எட்டாவது ஸ்னாப்பில் அவரது முதல் அடி எப்படி இருக்கிறது, கார்னர் தோற்ற அடுத்த ஸ்னாப்பில் எட்டடி தள்ளி நிற்கிறாரா, அதே இடத்தில் நிற்கிறாரா, டேக்கிள் தவறியபின் எழுந்து துரத்துகிறாரா என்பதையெல்லாம் பாருங்கள். டிசம்பரில் அவசரமாக உள்ளே போகும்போது அந்த வீரர் எப்படி ஆடுவார் என்பதை இவைதான் காட்டும்.

எண்ணிக்கையையும் துணிந்து சொல்லிவிடுகிறோம். தற்காப்புக்கு 26, தாக்குதலுக்கு 24, உதைப்பவர் முதலிய மூவர். அந்த 26-இல் முன்வரிசைக்குப் பத்து, எட்ஜில் ஐந்து உள்ளே ஐந்து. லைன்பேக்கர் ஐந்து, பின்வரிசை பதினொன்று. அதில் கார்னர் ஆறு, அவர்களில் குறைந்தது இருவர் ஸ்லாட்டில் முழுமையாகப் பயிற்சி பெற்றவர்கள். தாக்குதலில் எங்கே குறைப்பது? மூன்றாவது குவார்ட்டர்பேக் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருக்கட்டும். ஆறாவது ரிசீவருக்கும் நான்காவது ரன்னிங் பேக்குக்கும் இடமில்லை. ஒன்பது தாக்குதல் வரிசை வீரர்களைத் தொட வேண்டாம். ஆட்ட நாளில் 48 பேர் சீருடை உடுத்தி ஆடத் தயாராக நிற்க வேண்டுமானால் அவர்களில் எட்டுப் பேர் தாக்குதல் வரிசை வீரர்களாக இருக்க வேண்டும், எட்டுக்கு ஒன்று குறைந்தால் 47 தான். அந்த ஓர் ஆள் நமக்கு ஒன்பதாவது முன்வரிசைச் சுழற்சி வீரராக இருக்கலாம்.

ரசிகர்களின் கோபம் எப்படி வரும் என்பதும் எங்களுக்குத் தெரியும். முகாமில் எல்லாருக்கும் பிடித்துப்போன ஒரு ரிசீவரை விடுவித்தால் அன்று மாலையே பெரும் கூச்சல் எழும். பெயர்கூடத் தெரியாத ஐந்தாவது உள்வரிசை வீரருக்காகவா என்று கேட்பார்கள். அந்தக் கூச்சலில் நாங்கள் உங்கள் பக்கம் நிற்போம். மெக்நீல் இல்லாமல் ஆடிய வாரங்களைப் பார்த்தவர்கள் நாங்கள்.

கடைசியாக, ஒரு மணி நேர வேலை. கடைசி முன்பருவ ஆட்டம் முடிந்த மறுநாள் காலை, தற்காப்புப் பயிற்சியாளர்கள் அனைவரையும் ஓர் அறையில் உட்கார வையுங்கள். வேலைகளின் தாளைச் சுவரில் ஒட்டுங்கள். முதலில் சிறந்த எட்ஜின் பெயரை அடியுங்கள், பிறகு வெளிப்புற கார்னர் ஒருவரை, பிறகு அழைப்பு கொடுக்கும் லைன்பேக்கரை. மூவரும் போன பிறகு நம் நான்காம் முயற்சி கோல்லைன் ஏற்பாட்டுக்கு எந்தப் பதினொருவர் ஓடி வருகிறார்கள் என்று பெயர் பெயராக எழுதச் சொல்லுங்கள். பதினொன்றில் நிற்காமல் பத்தில் நின்றாலோ, பன்னிரண்டு வந்தாலோ, செவ்வாய் மாலை 4 மணிக்குள் யாரைக் கழிப்பது, யாரை வைப்பது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

இப்படிக்கு,
மிச்சிகன் வாழ் தமிழ் லயன்ஸ் ரசிகர்கள்